எஸ்ஸை பாத்தாலே மேல ஒரு கமா... என் கிளாஸ் பசங்களுக்கு என்ன ஆச்சு?

மூணாங்கிளாஸ்_டீச்சர்
எல்லாருக்கும் வணக்கம், புலம்பத்தான் வந்திருக்கேன். மூணாங்கிளாஸ், 32 பசங்க. போன வாரம் அப்பாஸ்ட்ரஃபி எடுத்தேன். போர்டுல மீனா'ஸ் பேக், த டாக்'ஸ் டெயில்னு எழுதி, ஒரு பொருள் யாருக்காவது சொந்தம்னா எஸ்ஸுக்கு முன்னாடி மேல ஒரு கமா போடணும்னு சொன்னேன். எல்லாம் அழகா தலையாட்டுச்சுங்க. ஒர்க்ஷீட்ல முக்கால்வாசி பேர் பத்துக்குப் பத்து. எனக்கு ஒரே பெருமை.

ரெண்டு நாள் கழிச்சு குடும்பத்தைப் பத்தி அஞ்சு வரி எழுதச் சொன்னேன். "ஐ ஹேவ் டூ பிரதர்'ஸ்." "மை ஃபாதர் டிரைவ்'ஸ் எ பஸ்." ஒருத்தன் திஸ்ஸுக்கே போட்டிருக்கான், தி'ஸ்! எஸ் எங்கெல்லாம் இருக்கோ அங்கெல்லாம் மேல ஒரு கொசு உக்காந்திருக்கு. கொடுமை என்னன்னா அதுக்கு முந்தின வாரம் வரைக்கும் இந்தத் தப்பு ஒண்ணு கூட கிடையாது. நான் பாடம் நடத்தினதால வந்த வியாதி இது.

இன்னும் பாய்'ஸ், பாய்ஸ்' வித்தியாசமே ஆரம்பிக்கல. எப்படி எடுக்கறீங்க நீங்கல்லாம்?

ரெண்டு_வாலு_அம்மா
டீச்சர், நான் டீச்சர் இல்ல, வீட்ல உக்கார வெச்சு சொல்லிக்குடுக்கற அம்மா, ஆனா எங்க வீட்லயும் அதே கதை. பெரியவன் தன் பேர் எஸ்ல முடியுதுன்னு அவன் பேருக்கே கமா போட்டு நோட்டு அட்டைல எழுதி வெச்சிருக்கான். கேட்டா "என் பேர் எனக்குத்தானே சொந்தம்"ங்கறான். என்ன பதில் சொல்றது இதுக்கு.

நைட்_ஷிப்ட்
அவன் சொல்றதுல லாஜிக் இருக்கு :) பெரியவங்களும் இதைத்தான் பண்றாங்க. நான் ப்ரூஃப் பாக்கற வேலைல இருக்கேன், டிகிரி ரெண்டு முடிச்சவங்க அனுப்பற ஃபைல்ல போட்டோ'ஸ், வீடியோ'ஸ்னு பன்மைக்கெல்லாம் கமா வருது. பிரிட்டன்ல இந்தத் தப்புக்கு காய்கறிக்கடைக்காரர் அப்பாஸ்ட்ரஃபின்னே பேர் வெச்சிருக்காங்க, விலைப் பலகைல அப்படி எழுதறதால. அதனால உங்க பசங்க சர்வதேச தரத்துல இருக்காங்க டீச்சர், கவலைப்படாதீங்க.

சாக்பீஸ்_தூள்
டீச்சர், தப்பா எடுத்துக்காதீங்க, வியாதி எங்க ஆரம்பிச்சுதுன்னு உங்க முதல் பாராலயே இருக்கு. "எஸ்ஸுக்கு முன்னாடி போடணும்"னு சொன்னீங்க பாருங்க, அங்கதான். பசங்க காதுல விழுந்தது "எஸ்" மட்டும்தான். எட்டு வயசு புள்ளைக்கு சொந்தம்ங்கறது கண்ணுக்குத் தெரியாத விஷயம், எஸ் பளிச்சுன்னு கண்ணுக்கு முன்னாடி நிக்குது. எதைப் பிடிக்கும்? ஒர்க்ஷீட்ல பத்துக்குப் பத்து வந்ததுக்கும் இதான் காரணம், அந்த ஒர்க்ஷீட்ல இருக்கற எல்லா வாக்கியத்துலயும் ஒரு சொந்தக்காரர் இருப்பார், யோசிக்காம எஸ்ஸைப் பாத்து போட்டாலே முழு மார்க். கமா போடவே கூடாத வாக்கியம் பாதிக்குப் பாதி கலந்து குடுத்துப் பாருங்க, அப்பத்தான் யாருக்குப் புரிஞ்சிருக்குன்னு தெரியும்.

நானும் ரொம்ப வருஷம் அப்படித்தான் நடத்தினேன். இப்ப முதல் ரெண்டு நாள் அந்தக் குறியையே போர்டுல எழுதறதில்ல. "யாரோடது?" இந்த ஒரே கேள்விதான். ஒரு பையைத் தூக்கிக் காட்டு, யாரோடது? மீனாவோடது. சொந்தக்காரர் பேரை முழுசா எழுது. மீனா. கையை எடு. இப்ப அந்தப் பேருக்கு *அப்புறம்* கமா, அதுக்கு அப்புறம் எஸ். எஸ்ஸுக்கு முன்னாடிங்கற வார்த்தையே என் வாயில வராது, பேருக்குப் பின்னாடிங்கறதுதான் வரும். இடம் ஒண்ணுதானே, எப்படி சொன்னா என்னன்னு தோணும். பாய்ஸ்' வரும்போது தெரியும் அது ஒண்ணு இல்லன்னு.

மூணாங்கிளாஸ்_டீச்சர்
ஐயோ ஆமா. "முன்னாடி"ன்னு சொல்லிட்டு அடுத்த வாரம் "நிறைய பேர்னா எஸ்ஸுக்குப் பின்னாடி"ன்னு சொல்லியிருப்பேன். அப்புறம் சில்ட்ரன் வந்திருந்தா சில்ட்ரன்ஸ்'னுதான் எழுதியிருக்கும்ங்க.

சாக்பீஸ்_தூள்
அதேதான். சொந்தக்காரரை முழுசா எழுதுங்கற ஒரே விதில மூணும் அடங்கிடும். ஒரு பையன், பேரு பாய், அதுக்குப் பின்னாடி கமா, எஸ் சேரு: பாய்'ஸ். நாலு பையன், முழுசா எழுதினா பாய்ஸ், அதுக்குப் பின்னாடி கமா, எஸ் ஏற்கனவே இருக்கு, விட்டுடு: பாய்ஸ்'. குழந்தைங்க நிறைய, முழுசா எழுதினா சில்ட்ரன், பின்னாடி கமா, எஸ் இல்ல, சேரு: சில்ட்ரன்'ஸ். மென், விமென், மைஸ் எல்லாம் இப்படியே. விதிவிலக்குன்னு தனியா ஒண்ணும் மனப்பாடம் பண்ண வேண்டாம்.

சந்தேகம் வந்தா ஆஃப் போட்டுத் திருப்பிப் பாக்கச் சொல்லுங்க. த ரூம் ஆஃப் த கேர்ள்ஸ். ஆஃப்புக்கு அப்புறம் என்ன இருக்கோ அதை அப்படியே காப்பி அடிச்சு, முடிஞ்ச இடத்துல கமா. கேர்ள்ஸ்' ரூம். டூ பிரதர்ஸை இப்படித் திருப்பவே முடியாது, திரும்பலன்னா கமா கிடையாது. ஆனா இந்த ஆஃப் விஷயம் நல்லா படிக்கற பசங்களுக்குத்தான் உடனே வரும், மத்ததுங்களுக்கு ஆஃப்பே தகராறு.

பழைய_பேனா
டீச்சரம்மா, நான் தமிழ் வாத்தியாரா இருந்து ஓய்வு பெற்றவன், இங்கிலீஷ் இழைக்குள்ள வந்ததுக்கு மன்னிக்கணும், ஆனா இந்தப் பிரச்சனைல பாதி தமிழ்லேருந்துதான் வருதுன்னு எனக்குத் தோணுது. நம்ம ஆறாம் வேற்றுமையை நினைச்சுப் பாருங்க. "மீனாவுடைய பை"ன்னு சொல்லலாம், "மீனா பை"ன்னும் சொல்லலாம், ரெண்டும் சரி. உருபு மறைஞ்சு வந்தா அதுக்கு வேற்றுமைத் தொகைன்னு ஒரு பேரும் வெச்சிருக்கோம். அம்மா கை, தாத்தா கண்ணாடி, பக்கத்து வீட்டுக்காரர் நாய், எதுலயாவது உருபு இருக்கா? இல்ல. அதனால தமிழ்ல யோசிக்கற குழந்தை மீனா பேக், டாக் டெயில்னு எஸ்ஸே இல்லாம எழுதும். அது அஜாக்கிரதை இல்ல, அதோட தாய்மொழி இலக்கணம் குடுத்த உரிமை. அதைத் திருத்தறப்ப "மறந்துட்டியா"ன்னு கேக்காம, "தமிழ்ல விட்டுடலாம், இங்கிலீஷ்ல விடக்கூடாது"ன்னு சொன்னா பிடிச்சுக்கும்.

இன்னொண்ணு. சாக்பீஸ் சொன்ன வரிசை தமிழ்ல அப்படியே இருக்கு. பையனோட, பசங்களோட. முதல்ல பேர், அப்புறம் பன்மை, கடைசியாத்தான் உருபு. நம்ம பசங்க யாராவது "பையனோடகள்"னு சொல்லிக் கேட்டிருக்கீங்களா? அந்த வரிசை நாக்குலயே இருக்கு. பாய், பாய்ஸ், பாய்ஸ்' அதே வரிசைதான். பசங்களைத் தமிழ்ல சொல்ல வெச்சு, "ளோட" வர்ற இடத்துல கையால ஒரு கமா போடச் சொல்லுங்க.

சாக்பீஸ்_தூள்
ஐயா, இத்தனை வருஷத்துல எனக்கு இது தோணவே இல்ல. "பையனோடகள்"!! திங்கக்கிழமை கிளாஸ்ல சொல்லப் போறேன்.

ரெண்டு_வாலு_அம்மா
ஐயா நேத்தே உங்க "ஓட" வைத்தியத்தை சின்னவகிட்ட செஞ்சு பாத்தேன். "ஓட" வந்தா கமா எஸ் போடுன்னேன். அரை மணி நேரம் ரொம்ப நல்லா போச்சு. அப்புறம் "நான் அம்மாவோட கடைக்குப் போனேன்" இதை இங்கிலீஷ்ல எழுதுன்னா, "ஐ வென்ட் மதர்'ஸ் ஷாப்"னு எழுதி வெச்சிருக்கா. நான் எப்ப ஷாப் வெச்சேன்!

பழைய_பேனா
ஹா ஹா, மாட்டிக்கிட்டேன். அம்மா சொல்றது சரி. பேச்சுத் தமிழ்ல "ஓட" ரெண்டு வேலை பாக்குது. அம்மாவோட புடவைங்கறது ஆறாம் வேற்றுமை, அம்மாவோட போனேன்ங்கறது மூணாம் வேற்றுமை "ஓடு". எழுத்துத் தமிழ்ல அம்மாவுடைய, அம்மாவோடுன்னு பிரிஞ்சு நிக்கும், பேச்சுல ஒட்டிக்கிச்சு. அதனால "ஓட"வை விட்டுட்டு "உடைய" போட்டுப் பாக்கச் சொல்லுங்க. "அம்மாவுடைய போனேன்" குழந்தை காதுக்கே உதைக்கும். வைத்தியத்துக்கு ஒரு பத்தியம்னு வெச்சுக்கோங்க.

கேள்விக்குறி
யாராவது ஒருத்தர் இதைக் கேக்கணும், நானே கேக்கறேன். இந்தக் குறி எதுக்கு? பாய்ஸ், பாய்'ஸ், பாய்ஸ்' மூணையும் வாயால சொல்லுங்க, சத்தம் ஒண்ணுதான். பேசும்போது யாருக்காவது குழப்பம் வருதா? அமெரிக்கால ஊர் பேர், மலை பேரெல்லாம் முடிவு பண்ற அரசாங்க வாரியம் 1890லேருந்தே பேர்ல இந்தக் குறி வேண்டாம்ங்குது, மொத்த நாட்டுக்கும் அஞ்சு இடத்துக்குத்தான் விலக்கு குடுத்திருக்கு, மார்த்தா'ஸ் வினியார்டு அதுல ஒண்ணு. பிரிட்டன்ல வாட்டர்ஸ்டோன்ஸ், புத்தகம் விக்கற கம்பெனி சார், அவங்களே 2012ல பேர்லேருந்து கமாவை எடுத்துட்டாங்க. லண்டன் ரயில்ல எர்ல்'ஸ் கோர்ட்டுக்கு கமா உண்டு, அதுக்குப் பக்கத்து ஸ்டேஷன் பேரன்ஸ் கோர்ட்டுக்கு கிடையாது. அந்த ஊர்க்காரனுக்கே இல்லாத அக்கறை எட்டு வயசு புள்ளைக்கு எதுக்கு? அந்த ரெண்டு வாரத்துல நாலு கதை படிக்க வைக்கலாம்.

நைட்_ஷிப்ட்
ப்ரோ, நீங்க சொன்னதெல்லாம் போர்டு. போர்டுல ஒரு பேர் நிக்குது, அதுல எத்தனை பேரன், அதாவது பிரபு, இருந்தாருன்னு யாரும் எண்ணப் போறதில்ல. வாக்கியம் வேற. "மை சிஸ்டர்'ஸ் ரூம்"னா ஒரு அக்கா, "மை சிஸ்டர்ஸ்' ரூம்"னா ரெண்டு மூணு பேர் ஒரே ரூம். பேசும்போது குழப்பம் வந்தா "எத்தனை அக்கா?"ன்னு திருப்பிக் கேட்டுக்கலாம், காகிதத்துகிட்ட கேக்க முடியுமா? மதர்'ஸ் டேன்னு ஒரு நாள் இருக்கே, அதை ஆரம்பிச்ச ஆனா ஜார்விஸ், ஒவ்வொரு குடும்பமும் அவங்கவங்க *ஒரு* அம்மாவைக் கொண்டாடணும்னுதான் கமா எஸ்ஸுக்கு முன்னாடி நிக்கணும்னு பிடிவாதமா இருந்தாங்க. அந்த அம்மா என்ன நினைச்சாங்கங்கறதே கமாவோட இடத்துலதான் இருக்கு.

ஆனா நீங்க சொன்னதுல ஒண்ணு கரெக்ட். சத்தம் ஒண்ணுதான். அதனால டிக்டேஷன்ல இதை வைக்கறது அநியாயம். டீச்சர் "த பாய்ஸ் பேக்ஸ்"னு படிச்சா எத்தனை பையன்னு புள்ளைக்கு எப்படித் தெரியும்? படம் காட்டி எழுதச் சொல்லுங்க. ஒரு பையன் மூணு பை, மூணு பையன் மூணு பைன்னு ரெண்டு படம் போதும்.

கேள்விக்குறி
டிக்டேஷன் பாயின்ட் ஒத்துக்கறேன். மத்ததுக்கு இன்னும் ஒத்துக்கல. ரெண்டு அக்கான்னா "ரெண்டு அக்கா"ன்னு எழுதிட்டுப் போகலாம்.

மூணாங்கிளாஸ்_டீச்சர்
படம் ஐடியா சூப்பர். டிக்டேஷன்ல நான் இதை வெச்சு மார்க் கழிச்சிருக்கேன், இப்ப நினைச்சா ஒரு மாதிரி இருக்கு.

இன்னொரு தலைவலி கேக்க மறந்துட்டேன். டோன்ட், கான்ட், ஐ'ம் எல்லாம் இதே வாரத்துல வருது. சிலபஸ்ல ரெண்டும் ஒரே பாடம், "அப்பாஸ்ட்ரஃபியின் பயன்கள்". ஒரு பொண்ணு கேட்டா, "மிஸ், மீனா'ஸ் பேக்னா மீனா இஸ் பேக்கா?" நான் ஒரு நிமிஷம் அப்படியே நின்னுட்டேன்.

சாக்பீஸ்_தூள்
அந்தப் பொண்ணைத் தட்டிக்குடுங்க, அவதான் கவனிச்சிருக்கா. கமா எஸ்ஸுக்கு மூணு வேஷம். மீனா'ஸ் பேக், சொந்தம். மீனா'ஸ் ஹியர், இஸ். மீனா'ஸ் கான் ஹோம், ஹேஸ். லெட்'ஸ் வேற தனியா இருக்கு, அதுல ஒளிஞ்சிருக்கறது அஸ். ரெண்டையும் ஒரே வாரத்துல எடுக்கவே எடுக்காதீங்க, சிலபஸ் என்ன சொன்னாலும். நடுவுல குறைஞ்சது மூணு வாரம் இடைவெளி விடுங்க. நான் சுருக்கத்தை முதல்ல எடுப்பேன், ஏன்னா அதுல விழுந்த எழுத்தைக் கண்ணால காட்டலாம்: டூ, நாட் ரெண்டையும் பேப்பர்ல எழுதி, நாட்ல இருக்கற ஓவைக் கத்தரிச்சு எடுத்துட்டு அந்த ஓட்டைல கமாவை ஒட்டுங்க. சொந்தத்துக்கு அப்படி ஓட்டை கிடையாது.

பழைய_பேனா
ஓட்டை இருந்துச்சும்மா, இப்ப தெரியல, அவ்வளவுதான். பழைய இங்கிலீஷ்ல நிறைய சொல்லுக்கு சொந்தத்தைக் காட்ட ஈ, எஸ் ரெண்டு எழுத்தும் சேர்ந்து வரும். காலப்போக்குல ஈ உச்சரிப்புலேருந்து தேய்ஞ்சு போச்சு. அப்பாஸ்ட்ரஃபியே 16ஆம் நூற்றாண்டுலதான் இங்கிலீஷுக்கு வந்தது, எழுத்து விழுந்த இடத்தைக் காட்டறதுக்கு. அதை இந்த விழுந்த ஈக்கும் போட ஆரம்பிச்சாங்க. பாய்ஸ்'னு பன்மைக்குப் பின்னாடி போடற வழக்கம் 18ஆம் நூற்றாண்டுலதான் வந்துச்சு. நடுவுல "கிங்'ஸ்"ங்கறது "கிங் ஹிஸ்"ஸோட சுருக்கம்னு நினைச்சு, ஜான் ஹிஸ் புக்னே எழுதின ஆளுங்களும் உண்டு. அதனால அடிப்படைல ரெண்டும் ஒரே குறி, ஒரே வேலை. இதை மூணாங்கிளாஸ்ல சொல்லணும்னு சொல்லல. கேள்வி கேக்கற அந்தப் பொண்ணுக்கு மட்டும் சொல்லலாம்.

ரெண்டு_வாலு_அம்மா
அப்ப இட்ஸ்? இட்'ஸ்? எனக்கே இன்னைக்கு வரைக்கும் தெரியாது, போன்ல என்ன வருதோ அதை விட்டுடுவேன்.

நைட்_ஷிப்ட்
போனை மட்டும் நம்பாதீங்கம்மா. இட்ஸ்னு சரியா அடிச்சா அதுவா இட்'ஸ்னு மாத்திடும், எனக்கு வர்ற ஃபைல்ல பாதித் தப்பு அதுலேருந்துதான் வருதுன்னு சந்தேகம்.

சோதனை சிம்பிள். அந்த இடத்துல இட் இஸ் போட்டுப் படிங்க (சில சமயம் இட் ஹேஸ்). பொருந்துச்சுன்னா கமா உண்டு. "த கேட் லிக்டு இட் இஸ் பா" பொருந்தல, அப்ப கமா இல்லாத இட்ஸ். சொந்தம் காட்டறதுக்கு எதுக்கு கமா இல்லன்னு கேட்டா, ஹிஸ்ஸுக்கு இருக்கா? ஹெர்ஸ், அவர்ஸ், யுவர்ஸ், தெயர்ஸ் எதுக்காவது இருக்கா? அந்தக் குடும்பத்துக்கே கமா கிடையாது. பசங்களுக்கு ஹிஸ்ஸையும் இட்ஸையும் ஜோடியா எழுதி சுவத்துல ஒட்டுங்க, தனியா இட்ஸை மட்டும் ஒட்டினா நிக்காது.

பழைய_பேனா
அம்மாவுக்கு ஒரு ஆறுதல்: 18ஆம் நூற்றாண்டுல படிச்சவங்களே சொந்தத்துக்கும் கமா போட்டுத்தான் இட்'ஸ்னு நிறைய எழுதியிருக்காங்க. நீங்க ஒரு இருநூறு வருஷம் லேட், அவ்வளவுதான்.

கேள்விக்குறி
பாத்தீங்களா, அவங்களே மாத்தி மாத்தி எழுதியிருக்காங்க. நான் சொன்னா மட்டும் தப்பு.

ஏழாவது_பீரியட்
இழையை இப்பத்தான் முழுசா படிச்சேன். வேற நாட்டுல எந்த வயசுல எடுக்கறாங்கன்னு பாத்தா டீச்சருக்கு கொஞ்சம் தைரியம் வரும். இங்கிலாந்து பாடத்திட்டத்துல ஒருமைக்கு மட்டும் இரண்டாம் ஆண்டு, அதாவது ஆறு ஏழு வயசுல. பன்மைக்கு, சில்ட்ரன் மாதிரி சொல்லுக்கெல்லாம், மூணு நாலாம் ஆண்டுலதான். இங்கிலீஷ் தாய்மொழியா இருக்கற பசங்களுக்கே ஒரு வருஷம் நடுவுல விடறாங்க. நம்ம ஆளுங்க அதை ஒரே பாடத்துல, செவ்வாய்க்கிழமை ஒருமை, புதன்கிழமை பன்மை, வியாழன் டெஸ்ட்.

அதனால இந்த வருஷம் ஒருமை மட்டும் உறுதியா நிக்கட்டும், பாய்ஸ்' அடுத்த வருஷம் வரட்டும். பரீட்சைல ஒரு மார்க் போனா போகுது.

மூணாங்கிளாஸ்_டீச்சர்
பரீட்சைல ஒரு மார்க் போனா பேரன்ட்ஸ் மீட்டிங்ல என் தலை போகும் சார், அது வேற கதை. ஆனா வரிசை புரியுது.

மூணாங்கிளாஸ்_டீச்சர்
ரெண்டு வாரம் கழிச்சு வர்றேன், என்ன ஆச்சுன்னு சொல்லணும்ல.

முதல்ல நான் போட்ட விதியை நானே வாபஸ் வாங்கினேன். "மிஸ் தப்பா சொல்லிட்டேன், எஸ்ஸை மறந்துடுங்க"ன்னேன். அதைக் கேட்டதுலயே பாதி கிளாஸ் குஷியாயிடுச்சு. அப்புறம் எழுத்து விளையாட்டு. ஆளுக்கு ஒரு எழுத்து அட்டை குடுத்து வரிசையா நிக்க வெச்சேன், ஒரு பையன் கைல சிவப்பு அட்டைல வெட்டின கமா. நான் படத்தைத் தூக்கிக் காட்டுவேன், கிளாஸ் மொத்தமும் "யாரோடது?"ன்னு கத்தும், பேர் முழுசா நின்னதுக்கு அப்புறம்தான் கமா பையன் ஓடி வந்து நிக்கணும். பேர் முடியறதுக்குள்ள ஓடி வந்தா அவுட். ஒரு ஒன்பது ரவுண்டு ஆடியிருப்போம். நடுநடுவுல "த்ரீ டாக்ஸ்"னு சொந்தமே இல்லாத படம் ஒண்ணு ரெண்டு. அப்ப கமா பையன் நகரக்கூடாது. அதுதான் பசங்களுக்கு ரொம்பப் பிடிச்சது, அவன் நெளியறதைப் பாக்க.

"பையனோடகள்" சொன்னேன் ஐயா. சிரிப்பு அடங்கவே இல்ல, இப்ப எதுக்கெடுத்தாலும் "மிஸ்ஸோடகள்"ங்குதுங்க. ஆனா பன்மையைத் தொடல, அடுத்த டேர்ம்.

மறுபடி அஞ்சு வரி எழுதச் சொன்னேன். டூ பிரதர்'ஸ் வகை தப்பு 32ல ஆறு பேர்கிட்ட மட்டும் இருக்கு, முன்னாடி இருபதுக்கு மேல. டிரைவ்'ஸ் இன்னும் நாலு பேர், வினைச்சொல்லுக்குப் போடறது ஏன் போக மாட்டேங்குதுன்னு புரியல. ஆனா புதுசா ஒண்ணு முளைச்சிருக்கு, பயந்துபோய் சில பேர் போட வேண்டிய இடத்துலயும் போடல. மீனாஸ் பேக்னு சும்மா விட்டிருக்காங்க.

சாக்பீஸ்_தூள்
பயந்து விடறது நல்ல அறிகுறி டீச்சர். எல்லாத்துலயும் போடறவனைவிட யோசிச்சு விட்டவனைத் திருத்தறது சுலபம். வினைச்சொல் நாலு பேருக்கு: அந்த வார்த்தையைத் தொட்டுக் காட்டி "இது எதைச் சொந்தமா வெச்சிருக்கு?"ன்னு கேளுங்க. டிரைவ்ஸ் எதை வெச்சிருக்கு? முழிப்பான். அவனே அழிச்சுடுவான். நீங்க அழிக்காதீங்க, சிவப்புப் பேனாவால வட்டமும் போடாதீங்க, ஓரத்துல "யாரோடது?"ன்னு மட்டும் எழுதிக் குடுங்க.

ரெண்டு_வாலு_அம்மா
இங்கயும் ஒரு அப்டேட். பெரியவன் இப்ப கேக்கறான், "என் பேர் எஸ்ல முடியுதே, அப்ப என்னோட புக்குக்கு கமா மட்டுமா, கமா போட்டு இன்னொரு எஸ்ஸா?" சும்மா இருந்திருக்கலாம்.

நைட்_ஷிப்ட்
அது பெரியவங்களே அடிச்சிக்கற விஷயம்மா. சிகாகோ ஸ்டைல் புக் இன்னொரு எஸ் போடுங்கும், ஜேம்ஸ்'ஸ். அமெரிக்க பத்திரிகைக்காரங்க பாக்கற ஏபி ஸ்டைல்ல கமா மட்டும், ஜேம்ஸ்'. ரெண்டுல எது வேணா எடுத்துக்கட்டும், நோட்டு முழுக்க ஒரே மாதிரி இருந்தா போதும். பையன்கிட்ட வாயால சொல்லிப் பாக்கச் சொல்லுங்க, ரெண்டாவது எஸ் காதுல விழுந்தா எழுதட்டும்.

ரெண்டு_வாலு_அம்மா
கேட்டுட்டான். இப்ப நோட்டு அட்டைல ரெண்டு எஸ் இருக்கு, நடுவுல கமா, அதுக்குப் பின்னாடி இங்கிலீஷ் நோட்டுன்னு. இந்த தடவை சரியாத்தான் எழுதியிருக்கான்னு நினைக்கறேன்.

கேள்விக்குறி
சரி சரி, என் தங்கச்சி பையனுக்கு அந்த எழுத்து அட்டை விளையாட்டு எப்படி பண்றதுன்னு யாராவது தெளிவா போடுங்க. ஒரே ஒரு பையன்தான் இருக்கான், கமாவா யார் நிக்கறது?

மூணாங்கிளாஸ்_டீச்சர்
நீங்கதான் சார்.